சர்ப்பகந்தி விதை ஏன் முளைக்க மறுக்கிறது?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், பால் நிறுவை முடிந்து மருந்தகத்தில் கூட்டம் குறைந்திருந்த நேரம். ஓர் அம்மா கையில் பழைய மைலோ டின்னுடன் வந்தார். மேசைமேல் பேப்பரை விரித்து டின்னைக் கவிழ்த்தார். ஈர மண்ணோடு மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கொட்டைகள் விழுந்தன.

"ஐயா, நாப்பது கொட்டை போட்டேன். ஒண்ணுகூட எட்டிப் பாக்கல. மூணு வாரமா தண்ணி ஊத்தினதுதான் மிச்சம்."

என்ன கொட்டை என்று கேட்டேன். சுங்கை சிப்புட்டில் உறவுக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் சர்ப்பகந்திச் செடியில் பறித்து வந்ததாம். எதற்கு என்று கேட்டேன். பதில் வரச் சற்று நேரம் ஆயிற்று.

"அவருக்கு ரத்தக் கொதிப்புங்க. கிளினிக் மாத்திரைய ரெண்டு மாசமா தொடறதில்ல. அந்த வேர் இருந்தா போதும், மாத்திரை எதுக்குங்கிறாரு."

ஒரே டின்னில் இரண்டு கேள்விகள் வந்து சேர்ந்தன. விதை ஏன் முளைக்கவில்லை என்பது ஒன்று. முளைத்து வேர் கிடைத்துவிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா என்பது மற்றொன்று. இந்த மாதச் சுகாதாரப் பகுதியில் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் செடியைத் தெரிந்துகொள்வோம். சர்ப்பகந்தி என்றும் சிவன் அமல்பொடி என்றும் தமிழில் பெயர். முழங்கால் முதல் இடுப்பு உயரம் வரை வளரும் சிறு செடி. அரளியும் நித்தியகல்யாணியும் இதன் சொந்தக்காரர்கள். கணுவுக்கு மூன்று இலை வட்டமாகச் சுற்றி நிற்கும். பூ வெள்ளை, காம்பு சிவப்பு. பட்டாணி அளவுக் காய் பச்சையாக இருந்து, பழுக்கும்போது ஊதா கலந்த கறுப்பாகிப் பளபளக்கும். இந்தியா, இலங்கை, பர்மா, தாய்லாந்து, நம் மலாயா, ஜாவா வரை இது இயற்கையாக வளரும் செடி. இதைப் போலவே இன்னொன்று உண்டு. அதைப் பாம்புக்களா என்பார்கள். அதில் கணுவுக்கு நான்கு இலை, சிறிதும் பெரிதுமாக இருக்கும். வேர் விற்பவர்கள் ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கொடுப்பது புதிதல்ல.

இந்த வேர் வெறும் பாட்டி வைத்தியம் என்று யாரும் தள்ளிவிட முடியாது. 1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு மருத்துவர்கள், சித்தம் கலங்கியவர்களுக்கும் ரத்தக் கொதிப்புக்காரர்களுக்கும் இந்த வேர் வேலை செய்கிறது என்று எழுதினார்கள். அதே ஆண்டு டில்லியில் சலிமுசமான் சித்திக்கி என்ற ரசாயன அறிஞர் வேரிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, தமக்கு ஆதரவு தந்த ஹக்கீம் அஜ்மல் கானின் பெயரால் அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-இல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 50 ரத்தக் கொதிப்பு நோயாளிகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, முடிவை லண்டன் இருதய மருத்துவ இதழில் வெளியிட்டார். அதன் பிறகுதான் வெள்ளைக்காரன் திரும்பிப் பார்த்தான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் வேரின் முக்கியச் சத்தான ரெசர்பினைத் தனியே எடுத்தார்கள். கொஞ்ச காலத்தில் உலகம் முழுவதும் ரெசர்பின் மாத்திரை ஓடியது.

செடிக்குக் கெட்ட காலம் பிறந்ததும் அப்போதுதான். இலையைக் கிள்ளினால் செடி பிழைக்கும், பட்டையைச் சீவினாலும் கவனமாகச் சீவினால் பிழைக்கும். கித்தா மரத்தை நாம் எத்தனை வருஷம் வெட்டுகிறோம், மரம் நிற்கத்தானே செய்கிறது! சர்ப்பகந்தியில் மருந்து இருப்பது வேரில், அதிலும் வேர்ப்பட்டையில். வேரைத் தோண்டினால் செடி செத்தது. காட்டில் தோண்டுகிறவனுக்குக் காய் பழுக்கும் வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. ஆகவே செடியும் போயிற்று, அது உதிர்க்கவேண்டிய விதையும் போயிற்று. காட்டு வேரை வெளிநாட்டுக்கு அனுப்ப இந்திய அரசு தடை போட்டது. அழிந்துவரும் செடி கொடிகள், பிராணிகளின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் 1990-இல் சர்ப்பகந்தி சேர்க்கப்பட்டது. 1993-இல் பெங்களூரில் தொடங்கிய ஒரு மூலிகைப் பாதுகாப்பு அறக்கட்டளை, தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா வன இலாகாக்களோடு சேர்ந்து மூலிகைக் காடுகளைத் தனியே ஒதுக்கிப் பாதுகாக்கும் வேலையைச் செய்தது. காட்டைக் காப்பது ஒரு வழி. தோட்டத்தில் விதை போட்டு வளர்ப்பது இன்னொரு வழி. ஆனால் விதை போடுகிறவனுக்கு இந்தச் செடி சுலபத்தில் பிடி கொடுப்பதில்லை. மைலோ டின் கதை அதுதான்.

விதை என்றால் நமக்கு முதலில் ஞாபகம் வருவது கித்தாக் கொட்டை. வெயில் காலத்தில் காய் வெடித்துக் கொட்டை நாலாபுறமும் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கித்தாக் கொட்டைக்குத் தூக்கமே கிடையாது. விழுந்த சூட்டோடு பொறுக்கி மணல் பாத்தியில் போட்டு நிழல் கட்டினால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். வைத்திருந்தால் கெட்டுப் போகும். இந்தக் குணத்துக்குச் சாட்சி எங்கள் கோலாகங்சாரிலேயே நிற்கிறது. 1876-இல் விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 கித்தாக் கொட்டைகளைக் கப்பலேற்றி லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அவசர அவசரமாகத்தான் கொண்டுபோனார். அப்படியும் முளைத்தவை ஏறக்குறைய 2,700. நூற்றுக்கு நாலுகூட இல்லை. மறு வருஷம் 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அதில் 9 கன்றுகள் கோலாகங்சாருக்கு வந்து, ரெசிடெண்ட் ஹியூ லோ துரையின் வளாகத்தில் நடப்பட்டன. அவற்றில் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்றும் வேலிக்குள் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் பாட்டன் பூட்டன்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அந்த நாலு சதவீதம்தான்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வேறு விதமான கொட்டை தெரியும். செம்பனைக் கொட்டையைச் சும்மா மண்ணில் போட்டால் ஒன்று இந்த வருஷம் முளைக்கும், இன்னொன்று அடுத்த வருஷம் முளைக்கும், பல முளைக்கவே முளைக்காது. அதனால் விதை தயாரிக்கும் நிலையங்களில் சதையை நீக்கி, ஏறக்குறைய 40 டிகிரி சூட்டில் இரண்டு மாதம் அறையில் அடைத்து வைக்கிறார்கள். பிறகு தண்ணீரில் ஊறவைத்தால் சில வாரங்களில் வெள்ளை முளை வருகிறது. அந்த இரண்டு மாதச் சூடு கொட்டையைச் சமைப்பதற்கல்ல, எழுப்புவதற்கு.

இன்னும் ஒன்று. கன்றுகளுக்கு நடுவில் நிலத்தை மூடப் போடும் பயற்றங்கொடி விதையைப் பாருங்கள். அதன் தோல் மெழுகு பூசிய மாதிரி, தண்ணீர் உள்ளே போகாது. அதைச் சுடுநீரில் ஊறவைத்துப் போடுவார்கள். இந்தியாவிலிருந்து வரும் மூக்குனா விதையை நகவெட்டியால் ஓரத்தில் கிள்ளிப் போடுவதைச் செம்பனைத் தோட்டத்தில் பல அம்மாமார்கள் செய்திருப்பார்கள். கிள்ளாமல் போட்டது மாதக்கணக்கில் கல்லாகவே கிடக்கும்.

ஆகவே முளைக்காத விதை எல்லாம் செத்த விதை அல்ல. சில விதை உயிரோடு இருந்தும் முளைக்க மறுக்கும். இதைத்தான் விதை உறக்கம் என்கிறார்கள். இது செடியின் குறைபாடு அல்ல, சாமர்த்தியம். பிரட்டுக் களத்தில் மணி அடித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து நிற்பது போல, காட்டில் எல்லா விதையும் ஒரே மழைக்கு முளைத்தால், அடுத்து வரும் வறட்சியில் அத்தனையும் ஒன்றாகச் செத்துப்போகும். அதனால் சில முன்னே, சில பின்னே. மனிதன் ஆயிரக்கணக்கான வருஷம் விதைத்து அறுத்துப் பழக்கிய பச்சைப்பயறு ஒரே ராத்திரியில் முளை கட்டிவிடுகிறது. காட்டுச் செடி நம்மிடம் அப்படிப் பழகவில்லை.

சர்ப்பகந்தியில் எத்தனை பூட்டு என்று எண்ணிப் பார்த்தால் மூன்று சொல்லலாம்.

முதல் பூட்டு, கொட்டையின் ஓடு. மாங்கொட்டைக்கு ஓடு இருப்பது போல இதற்கும் கல் மாதிரி ஓடு. தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும், உள்ளே இருக்கும் சின்ன முளை அதைத் தள்ளித் திறக்கவும் வேண்டும்.

இரண்டாவது, தடைச் சத்து. தக்காளிப் பழத்துக்குள் விதை ஈரத்தில்தானே கிடக்கிறது, ஏன் உள்ளேயே முளைப்பதில்லை? சுற்றியிருக்கும் கொழகொழப்பு அதைத் தடுத்து வைத்திருக்கிறது. அதைக் கழுவி எடுத்தால்தான் முளைக்கும். சர்ப்பகந்தியின் விதையிலும் சின்னமிக் அமிலம் போன்ற தடைப் பொருள்கள் இருப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவதைப் பூட்டு என்று சொல்வதைவிட ஏமாற்று என்று சொல்லலாம். இந்தச் செடியின் கொட்டைகளில் கணிசமானவை வெறும் ஓடு. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உடைத்தால் உள்ளே முளையே இருக்காது. அதை எந்த வைத்தியத்தாலும் எழுப்ப முடியாது.

இதனால்தான் சர்ப்பகந்தியின் முளைப்புக் கணக்கு ஒரே மாதிரி வருவதில்லை. நூற்றுக்குப் பத்து என்று சொல்கிறவர்களும் உண்டு, அறுபதுக்கு மேல் என்று சொல்கிறவர்களும் உண்டு. வித்தியாசம் பெரும்பாலும் விதையைத் தேர்ந்தெடுத்த முறையிலும் அதன் வயதிலும்தான் இருக்கிறது. வயதில் ஒரு விசித்திரம் உண்டு. தூங்கும் விதை என்பதால் நாள்பட வைத்தால் தானே எழும் என்று நினைக்கத் தோன்றும். இது அப்படியில்லை. புதிய விதைதான் நன்றாக முளைக்கும். ஏழெட்டு மாதம் டப்பாவில் கிடந்தால் சாதாரணமாகப் பிரயோஜனப்படாது. இந்தூர் விவசாயக் கல்லூரியில் ஆர்.எஸ்.1 என்று ஒரு ரகத்தைத் தேர்ந்தெடுத்தபோது, ஏழு மாதம் வைத்திருந்த பிறகும் நூற்றுக்கு 50, 60 முளைக்கிறது என்பதையே அதன் பெருமையாகச் சொன்னார்கள். அதிலிருந்தே மற்றச் சர்ப்பகந்தியின் கதி தெரிகிறது.

அந்த அம்மா என்ன செய்திருந்தார் என்று விசாரித்தேன். பச்சையும் கறுப்புமாகக் கையில் வந்ததை எல்லாம் உருவியிருக்கிறார். சதையோடு வெயிலில் காயவைத்து அப்படியே புதைத்திருக்கிறார், ஓர் ஆள்காட்டி விரல் ஆழத்துக்கு. மூன்று பூட்டும் போட்டபடியே இருந்தன, போதாததற்கு ஆழத்தில் புதைத்து நான்காவது பூட்டையும் இவரே போட்டுவிட்டார். மண்ணை டின்னில் திரும்பக் கொட்டி, கொட்டைகளை மேலாகப் புதைத்து, நிழலில் வைக்கச் சொன்னேன். மூன்று வாரம் இந்தச் செடிக்கு ஒரு காலமே அல்ல. பிறகு சுங்கை சிப்புட்டுக்கு மறுபடி போய்வரச் சொல்லி, கீழே எழுதுகிற மாதிரி செய்யச் சொன்னேன்.

முழுக்கக் கறுத்த பழத்தை மட்டும் பறியுங்கள். செடியில் பூவும் பிஞ்சும் பழமும் ஒன்றாகவே இருக்கும், அதனால் வாரம் ஒரு தரம் போய்ப் பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும். பறித்த அன்றோ மறுநாளோ தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்து சதையைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி, வழவழப்புப் போகும்வரை கழுவ வேண்டும். கை நிறம் மாறும், கவலை வேண்டாம், சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். ஆனால் பழத்தைப் பிள்ளைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கழுவியதை ஒரு வாளித் தண்ணீரில் கொட்டுங்கள். மிதப்பது அநேகமாக வெறும் ஓடு. இரக்கப்படாமல் வழித்து எறியுங்கள். மூழ்கியதுதான் விதை. சந்தேகம் இருந்தால் மிதந்ததில் நாலு, மூழ்கியதில் நாலு எடுத்துச் சுத்தியால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். ஒன்றில் பழுப்பு நிறத் தூசி இருக்கும், மற்றதில் வெள்ளையாகப் பருப்பு இருக்கும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே முளைப்புக் கணக்குப் பாதி சரியாகிவிடும். தண்ணீரைத் தவிர வேறு செலவு இல்லை.

உடனே விதைக்க முடியாவிட்டால் நிழலில் உலர்த்தி, துணிப் பையில் கட்டி, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு மாதத்துக்குமேல் தள்ளிப்போட வேண்டாம்.

விதைக்கும் முதல் நாள் ஓட்டைக் கொஞ்சம் தேய்க்க வேண்டும். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவில் விதையை வைத்து, உள்ளங்கையால் வடை தட்டுகிற மாதிரி லேசாகச் சுற்றினால் போதும். ஓட்டின் பளபளப்புப் போக வேண்டும், பருப்பு தெரியக் கூடாது. பிறகு பச்சைத் தண்ணீரில் ஒரு பகல் ஒரு ராத்திரி ஊறட்டும். நடுவில் இரண்டு தரமாவது தண்ணீரை மாற்றுங்கள், அதில்தான் தடைச் சத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.

ஆராய்ச்சி நிலையங்களில் இதற்கு மேலும் செய்கிறார்கள். ஓட்டை அரிக்கக் கந்தக ஆசிட்டில் சில நிமிஷம் போட்டு எடுப்பார்கள். இல்லாவிட்டால் கிப்பெரல்லிக் அமிலம் என்ற பொருளின் மிக நீர்த்த கரைசலில் ஊறவைப்பார்கள். இந்த இரண்டாவது பொருளின் கதை சுவையானது. நெற்பயிர் தாறுமாறாக நெட்டையாகி விழுந்துபோகும் ஒரு நோயை ஜப்பானியர்கள் ஆராய்ந்தபோது, 1926-இல் குரோசாவா என்பவர், ஒரு பூஞ்சை சுரக்கும் பொருளே அதற்குக் காரணம் என்று கண்டார். பின்னால்தான் தெரிந்தது, அதே பொருளை விதைகள் தாமாகவே சுரந்து அதைக் கொண்டுதான் தூக்கம் கலைகின்றன என்று. விதைக்குள் 'தூங்கு' என்று சொல்லும் சத்து ஒன்றும் 'எழு' என்று சொல்லும் சத்து ஒன்றும் தராசுத் தட்டு மாதிரி இருக்கின்றன. ஊறவைத்துக் கழுவும்போது முதல் தட்டின் பாரத்தை நாம் குறைக்கிறோம். ஆராய்ச்சிக்காரர்கள் இரண்டாவது தட்டில் பாரம் ஏற்றுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆசிட் என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, ஸ்டோரில் பால் உறையவைக்கும் ஆசிட்டைக் கொண்டுவந்து யாரும் விதையில் ஊற்றாதீர்கள். அது வேறு ஆசிட், இதற்கு உதவாது. எந்த ஆசிட்டும் வீட்டு வேலைக்கு ஏற்றதல்ல. கையிலும் கண்ணிலும் பட்டு ஓடி வந்தவர்களுக்கு நான் எத்தனை முறை தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். உப்புத்தாள் போதும்.

பாத்திக்கு மணல் ஒரு பங்கு, நல்ல மண் ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. தண்ணீர் தேங்காத மாதிரி மேடாக இருக்க வேண்டும். நம் பக்கத்து மழைக்கு இது முக்கியம், பள்ளத்தில் போட்டால் விதை அழுகிவிடும். அரை அங்குல ஆழத்துக்குமேல் புதைக்காதீர்கள். மேலே தென்னோலை கட்டிப் பாதி நிழல் கொடுங்கள். பூவாளியால் தெளிக்க வேண்டும், வாளியால் ஊற்றக் கூடாது. எறும்பு விதையைத் தூக்கிப் போகும், அதற்குப் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவுங்கள்.

பிறகு காத்திருக்க வேண்டும். முதல் முளை 15, 20 நாளில் தெரியும். அதன்பின் ஒன்று இன்று, ஒன்று அடுத்த வாரம் என்று ஒன்றரை மாதம்வரை வந்துகொண்டிருக்கும், சில அதற்கும் மேலே இழுக்கும். நம்மவர்கள் தவறு செய்வது இந்த இடத்தில்தான். பத்து முளைத்ததும் 'இவ்வளவுதான்' என்று பாத்தியைக் கொத்திவிடுகிறார்கள். தூங்குகிறவனை எழுப்பப் போய்க் கழுத்தை அறுத்த கதை. முளைத்த கன்றை நாலைந்து இலை வந்ததும் வேர் அறுபடாமல் எடுத்து, ஓர் அடி இடைவெளியில் நடுங்கள். பின்னால் வருவதற்குப் பாத்தியை விட்டுவையுங்கள்.

விதையோடு இவ்வளவு மல்லுக்கட்டுவானேன், துண்டு வெட்டி நடலாமே என்று கேட்பீர்கள். நடலாம். ஒன்றிரண்டு அங்குல வேர்த் துண்டைப் படுக்கவைத்துப் புதைத்தால் துளிர்க்கும். முற்றிய தண்டையும் ஒரு சாண் அளவு வெட்டி நடுகிறார்கள். ஆனால் தண்டில் வளர்ந்த செடிக்கு வேர் மெலிவு. வேர்த் துண்டு வேண்டுமானால் ஒரு செடியைத் தோண்டியாக வேண்டும். விதைக் கன்றுதான் ஆணிவேரை ஆழமாக இறக்கும். இன்னொரு காரணமும் உண்டு. துண்டில் வருவதெல்லாம் ஒரே செடியின் நகல், ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். விதையில் வரும் ஒவ்வொன்றும் தனிச் செடி. அழிந்துவரும் இனத்துக்கு இது உயிர் விஷயம்.

ஊருக்குப் போய்வரும்போது இந்தியாவிலிருந்து விதையைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் யோசனை வேண்டாம். எந்த விதைக்கும் செடிக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். இது வெறும் கெடுபிடி அல்ல. தென் அமெரிக்காவில் கித்தா மரங்களை அழித்த இலைக்கருகல் நோய் இங்கே வராமல் இருப்பதற்குக் காரணமே இந்தத் தடுப்புக் காவல்தான். அந்தப் பூஞ்சை ஒரு பையில் வந்திறங்கினால் நம் கஞ்சியில் மண்.

இப்போது இரண்டாவது கேள்வி. வேர் இருந்தால் மாத்திரை வேண்டாமா?

ரெசர்பின் என்ன செய்கிறது என்று சொன்னால் விளங்கும். ரத்தக் குழாயை இறுக்கச் சொல்லும் சத்து ஒன்றை நம் நரம்பு முனைகள் சின்னச் சின்ன ஸ்டோர் அறைகளில் சேர்த்து வைத்திருக்கின்றன. ரெசர்பின் போய் அந்த ஸ்டோரைக் காலி செய்துவிடும். இறுக்கச் சொல்ல ஆள் இல்லை, குழாய் தளர்கிறது, கொதிப்பு இறங்குகிறது. நல்லதுதான். ஆனால் மூளையிலும் அதே மாதிரி ஸ்டோர்கள் உண்டு, அவையும் காலியாகும். அங்கே காலியானால் மனம் சோர்ந்துபோகும். அழுகை வரும், எதிலும் பிடிப்பு இருக்காது, உயிரை விடும் எண்ணம் வரை சிலருக்குப் போயிருக்கிறது. மூக்கடைப்பு, வயிற்றுப்போக்கு, வயிற்றுப்புண், நாடி மெதுவாதல் எல்லாம் இதோடு வரும். காலியான ஸ்டோர் நிரம்ப நாளாகும், ஆகவே வேரை நிறுத்தினாலும் உடனே சரியாகாது. இதனால்தான் டாக்டர்கள் மெல்ல மெல்ல ரெசர்பினை விட்டு வேறு மாத்திரைகளுக்குப் போனார்கள். இன்று கிளினிக்கில் தரும் அம்லோடிபைன், பெரிண்டோபிரில் எல்லாம் வேறு வழியில் வேலை செய்பவை.

அளவு இன்னொரு சங்கடம். ரெசர்பின் மாத்திரை கொடுத்த காலத்திலும் ஒரு நாளைக்கு 0.1 முதல் 0.25 மில்லிகிராம்தான் வழக்கம். ஓர் உப்புக்கல்லைவிடக் குறைவு. வீட்டில் இடித்த வேர்ப்பொடியில் இது எவ்வளவு இருக்கிறது என்று யார் அளப்பது? செடியின் வயது, மண், பருவம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். வேரையும் தின்று மாத்திரையையும் போட்டால் கொதிப்பு திடீரென்று விழும். விடியற்காலை இருட்டில், வெறும் வயிற்றில், மேட்டில் ஏறி வெட்டுகிறவருக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், மனச்சோர்வு உள்ளவர்கள் இந்த வேர்ப் பக்கமே போகக் கூடாது. முறையாகப் படித்த சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் போவதாக இருந்தால், சாப்பிடும் மாத்திரையின் பெயரை அவரிடமும், அவர் கொடுத்த மருந்தைக் கிளினிக்கிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயரில் சர்ப்பம் இருப்பதால் பாம்புக்கடிக்கு இது மருந்து என்று நம்புகிறவர்கள் தோட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். பாம்பு கடித்தால் வேரை அரைத்துக்கொண்டு உட்காராதீர்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, இறுக்கிக் கட்டாமல், கீறாமல், உறிஞ்சாமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

ரத்தக் கொதிப்புக்கு வலி கிடையாது, அதுதான் அதன் மோசடி. 2019-ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு எடுத்த கணக்கில், இந்நாட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. அதில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. "எனக்கு ஒண்ணும் செய்யலயே" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்தான் ஒரு நாள் வாய் கோணிக் கை விழுந்து வருகிறார். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குப் பார்க்கிறார்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, கால் வீங்குகிறது, இருமல் வருகிறது என்றால் அதைப் போய்ச் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்துவது வேறு, டாக்டர் மாற்றுவது வேறு.

அந்த அம்மாவின் வீட்டுக்காரரை மறுநாளே வரச் சொல்லி அளந்தேன். 176-க்கு 104. உட்காரவைத்துப் பேசியதில், மாத்திரை போட்டால் கால் வீங்குகிறது, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன் என்றார். கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தனுப்பினேன், மாத்திரையை மாற்றினார்கள். போன மாதம் 138-க்கு 86.

இரண்டாம் தடவை கொண்டுவந்த கொட்டைகள் அறுபது. இருபத்தாறு மிதந்தன. மூழ்கிய முப்பத்துநாலில் பதினைந்து இதுவரை முளைத்துவிட்டன, பாத்தியைக் கொத்தவில்லை. பழைய மைலோ டின்னிலும் ஒன்று தலைகாட்டியிருக்கிறது. வேரை எப்போது தோண்டலாம் என்று அண்ணன் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். முதலில் பூக்கட்டும், காய்க்கட்டும், கறுத்த பழமாகப் பறித்துப் பக்கத்து லயத்துக்கும் நாலு விதை கொடுங்கள், தோண்டும் பேச்சைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.